குதிக்கால் நாணும் கருவியின் கண்ணும்

விஞ்ஞானத்தின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே சொல்லப்பட்டு வருகிறது. ஒருவர் கண்டுபிடித்தார், உலகம் வியந்தது, மனிதகுலம் பயனடைந்தது என்ற மூன்று கூற்றுகளுக்குள் பாடநூல்கள் அதனை அடக்கிவிடுகின்றன. கண்டுபிடிப்பின் பின்னே நின்ற தொழிற்சாலைகளையும் போர்களையும் உழைத்த கைகளையும் அவை பேசுவதில்லை. கண்டுபிடிக்கப்பட்ட கருவி யாரிடம் சென்று சேர்ந்தது, எதனைக் காட்டியது, எதனைக் காட்டாது விட்டது என்ற வினாக்களை அவை எழுப்புவதுமில்லை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது. மனிதனின் காலின் பின்புறத்திலே கெண்டைத் தசையையும் குதிக்கால் எலும்பையும் இணைத்து நிற்கும் தசைநாண் ஒன்று உண்டு. மருத்துவ நூல்கள் அதனை அக்கிலீஸ் நாண் என வழங்குகின்றன. அந்த நாணில் மாதக்கணக்காக, சிலருக்கு ஆண்டுக்கணக்காக நீடிக்கும் நோவின் காரணத்தை, உடலைக் கீறாமலே கண்டறிய மனிதர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முயன்று வந்துள்ளனர். அம்முயற்சியின் கதையே ஈண்டு நாம் கூறப்புகுவது. பொருள் சிறிதாயினும் அதனுள்ளிருந்து எழும் வினா பெரிது. கருவி தரும் படத்திற்கும் மனிதன் படும் நோவுக்கும் உள்ள உறவு யாது?

பெயரும் தொழிலும்

கிரேக்க வீரன் அக்கிலீசைக் குழந்தைப் பருவத்தில் அவன் தாய் தேட்டிஸ் குதிக்காலிற் பிடித்து ஸ்டிக்ஸ் ஆற்றில் அமிழ்த்தினாள் என்பதும், நீர் படாத அக்குதிக்காலே அவனுக்கு மரண வாயிலாயிற்று என்பதும் யாவரும் அறிந்த கதை. ஆனால் ஹோமரின் இலியத்தில் இக்கதை இல்லை. ஆற்றில் அமிழ்த்திய செய்தியைக் கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமக் கவிஞர் ஸ்டேஷியஸின் நூலிலேயே காண்கிறோம். இலியத்திலே அக்கிலீஸ் தன் பகைவன் ஹெக்டரின் உடலைத் தேரிற் கட்டி இழுப்பதற்காக அவனுடைய கால்களின் பின்புற நாண்களைத் துளைத்து வாரைக் கோக்கிறான். ஆக, காவியத்திலே துளைக்கப்பட்டது தோற்றவனின் நாண். பெயர் பெற்றதோ வென்றவன்! பெயர்களின் வரலாற்றிலும் வெற்றி பெற்றோரின் ஆதிக்கமே ஓங்கி நிற்பதை இது காட்டுகிறது.

இப்பெயரை உடற்கூற்றியலுக்குள் கொண்டு வந்தவர் ஃபிளாண்டர்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வெர்ஹையன். உழவர் குடும்பத்திற் பிறந்து லூவன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக உயர்ந்த அவர், 1693 ஆம் ஆண்டு வெளியிட்ட உடற்கூற்று நூலில் இதனை அக்கிலீஸின் நாண் எனக் குறிப்பிட்டார். அவர் தமது ஒரு காலை நோயினால் இழந்தவர். வெட்டப்பட்ட தம் காலையே அவர் அறுத்து ஆராய்ந்தார் என்றொரு கதையும் வழங்குகிறது. அது கதையாகவே இருக்கலாம். ஆயினும் நாணைப் பார்க்க வேண்டுமாயின் காலைக் கீற வேண்டும் என்ற அக்கால நிலைமையை அக்கதை நன்கு உணர்த்துகிறது.

மனித உடலிலுள்ள தசைநாண்களுள் மிகத் தடித்ததும் வலியதும் இதுவே. ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் நீளமும், நடுப்பகுதியில் முன்பின்னாக ஏறக்குறைய 5 அல்லது 6 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது. இச்சிறு கயிறு தாங்கும் பளுவோ மிகப் பெரிது. பின்லாந்தின் பேராசிரியர் பாவோ கோமி நாணைச் சுற்றி அளவுகருவி பொருத்தி மேற்கொண்ட ஆய்வுகளில், ஓடும் போது உடல் நிறையைப் போல் 12 மடங்கு வரையிலான விசை அதன்மீது செயற்படுவது தெரியவந்தது. ஆகவே ஓட்டவீரர்களிடையே இந்நோவு மிகுந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் மைதானத்தை எட்டியும் பாராத நடுத்தர வயதினரும், நாள் முழுவதும் நின்று உழைப்போரும், உடல் பருத்தோரும், நீரிழிவு நோயாளரும் இதனால் அல்லற்படுகின்றனர். காலையில் எழுந்து முதலடி வைக்கையில் குதிக்காலின் மேற்புறம் விறைத்து நோகும். சிறிது நடந்ததும் தணியும். வேலை முடிந்து ஓய்ந்திருக்கும் போது மீண்டும் வந்து பிடிக்கும். நெடுங்காலமாக வைத்தியரிடமிருந்த கருவிகள் மூன்றே. ஒன்று நோயாளியின் சொல். மற்றொன்று விரல்களுக்கிடையே நாணை அழுத்திப் பார்க்கும் கை. மூன்றாவது, ஒற்றைக் காலில் நின்று குதியை உயர்த்தச் சொல்லி அவதானிக்கும் கண். இம்மூன்றையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். கதையின் முடிவில் இவற்றிடமே மீள வேண்டியிருக்கும்.

எலும்பைக் கண்ட ஒளி

1895 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள், ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். அடுத்த மாதம் 22 ஆம் நாள் எடுக்கப்பட்ட அவருடைய மனைவியின் கைப்படம் உலகெங்கும் பரவிற்று. அப்படத்தில் எலும்புகளும் மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. சதையோ மங்கிய நிழலாக நின்றது. தமது கண்டுபிடிப்பிற்குக் காப்புரிமை பெற மறுத்த ரொன்ட்ஜன், அது மனிதகுலத்தின் பொதுச் சொத்தாக இருத்தல் வேண்டும் எனக் கருதினார். 1901 இல் பௌதிகத்துக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்ட போது பரிசுப் பணத்தையும் தம் பல்கலைக்கழகத்திற்கே அளித்தார். அறிவைச் சந்தைப் பொருளாக்க மறுத்த அவ்வுள்ளத்தை இன்று நினைவுகூர்தல் பொருத்தமுடையது.

ஆனால் இப்புதிய ஒளி தசைநாணைப் பொறுத்தவரை ஊமையாகவே இருந்தது. நாணும் தசையும் எக்ஸ் கதிரை ஏறக்குறைய ஒரே அளவில் மறிப்பதால் படத்தில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிதல் அரிது. இத்தடையை ஒருவாறு கடந்தவர் காகர் என்னும் வைத்தியர். நாணுக்கு முன்னே ஒரு முக்கோண வடிவிற் கொழுப்பு நிறைந்திருக்கிறது. கொழுப்பு கதிரை எளிதில் விடுவதால் பக்கவாட்டுப் படத்தில் அது கருமையாகத் தோன்றும். அக்கருமையின் விளிம்பு நேராகவும் கூராகவும் இருப்பின் நாண் செவ்வையாக உள்ளது. விளிம்பு கலைந்து மங்கியிருப்பின் நாணில் முறிவோ வீக்கமோ இருத்தல் கூடும். 1939 இல் ஜேர்மன் மொழிச் சஞ்சிகையொன்றில் அவர் எழுதியதன் பின் அம்முக்கோணம் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. நாணை நேரே காண இயலாதபோது அதன் அயலைக் கொண்டு அதனை அறிந்தமை நுண்ணிய சிந்தனையின் பயனாகும்.

1950 களின் இறுதியில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் லாகர்கிரென், லிண்ட்ஹோம் ஆகிய இருவரும் இரத்தக் குழாய்களில் எக்ஸ் கதிரை மறிக்கும் பொருளைச் செலுத்திப் படமெடுத்து, குதிக்கால் எலும்பிலிருந்து சில சென்ரிமீற்றர் மேலே நாணின் நடுப்பகுதியிற் குருதியோட்டம் குறைந்திருப்பதைக் காட்டினர். நோவும் முறிவும் மிகுதியாகத் தோன்றும் இடமும் அதுவே. இவ்வாறு எக்ஸ் கதிர் சில துப்புகளைத் தந்தது. நாணின் உள்ளமைப்பை மட்டும் அது காட்டவில்லை.

கப்பலும் கொதிகலனும் தந்த கருவி

நாணின் உட்புறம் வெளிச்சத்திற்கு வந்தது ஒலியினாலேயாகும். அவ்வொலியின் வரலாறு மருத்துவமனையில் தொடங்கவில்லை. சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றும் என்பதைப் பியேர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும் 1880 இற் கண்டனர். முதலாவது உலகப் போரின்போது கடலடியில் மறைந்து வரும் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய வேண்டிய நெருக்கடி எழுந்தது. ருஷ்யாவிலிருந்து வந்த பொறியியலாளர் சிலோவ்ஸ்கியின் யோசனையை ஏற்று, பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் போல் லாங்ஷவன் அப்படிகங்களைக் கொண்டே மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியை உண்டாக்கி, அதன் எதிரொலியைத் திரும்பப் பெறும் கருவியை அமைத்தார். இந்த லாங்ஷவன் பாசிசத்தை எதிர்த்து நின்ற அறிஞர். 1940 இல் நாஜிகளால் சிறையிடப்பட்டார். அவருடைய மருமகனும் பௌதிகவியலாளருமான ஜாக் சொலமன் 1942 இற் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள் ஹெலன் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர் மீண்டார்.

போரின் தேவையிற் பிறந்த இவ்வுத்தி பின்னர் தொழிலின் தேவைக்குப் பயன்பட்டது. உலோகத்தின் உள்ளே மறைந்திருக்கும் வெடிப்பை மீயொலியாற் கண்டறியலாம் என்று 1928 இல் லெனின்கிராட்டின் சேர்கே சொக்கலோவ் எடுத்துக்காட்டினார். கப்பற் கட்டடங்களிலும் கொதிகலன் தொழிற்சாலைகளிலும் பற்றவைப்புகளைச் சோதிக்கும் கருவிகள் படிப்படியாகப் பரவின. பற்றவைப்பில் ஒரு வெடிப்பு மறைந்திருப்பின் பலியாவது முதலில் தொழிலாளியின் உயிரே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

1955 ஆம் ஆண்டு ஜூலை மாதம், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட், அறுவைச் சிகிச்சையில் எடுக்கப்பட்ட கட்டிகளை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூ நகரிலுள்ள கொதிகலன் தொழிற்சாலையொன்றுக்குச் சென்றார். ஒப்பீட்டின் பொருட்டு அங்கே ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் வைக்கப்பட்டது. உலோகத்தைச் சோதிக்கும் கருவி திண்மக் கட்டிக்கும் நீர் நிறைந்த கட்டிக்கும் வேறு வேறான எதிரொலிகளைத் தந்தது. பின்னர் டொம் பிரவுண் என்ற இளம் பொறியியலாளரின் கைத்திறனும், ஜோன் மக்விகார் என்ற வைத்தியரின் உழைப்பும் சேர, 1958 இல் மூவரும் இணைந்து லான்செட் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை மருத்துவ மீயொலியின் அடித்தளங்களில் ஒன்றாயிற்று. இன்று மக்கள் பேச்சில் ஸ்கான் என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடும் கருவி, மாலுமியும் கொதிகலன் தொழிலாளியும் நின்ற களங்களில் உருவானதாகும்.

அதே 1958 ஆம் ஆண்டிலேயே கார்ல் டுசிக் என்பவரும் அவருடைய துணைவர்களும் மூட்டுகளைச் சூழ்ந்த தோல், கொழுப்பு, தசை, நாண் ஆகியவற்றை மீயொலி எவ்வாறு ஊடுருவுகிறது என அளந்தனர். எனினும் நாணைத் துலக்கமாகக் காட்டவல்ல உயர் அதிர்வெண் கருவிகள் வருவதற்கு மேலும் கால் நூற்றாண்டு சென்றது. 1986 இல் புரூனோ ஃபோர்னாஜ் வெளியிட்ட கட்டுரை அக்கிலீஸ் நாணின் மீயொலித் தோற்றத்தை முறைப்படி விளக்கிற்று. ஆரோக்கியமான நாண் நீளவாக்கில் நெருங்கிய இழைகளாக, சீவி முடித்த கூந்தல் போல் வெண்கோடுகளாய்த் தோன்றும். நோயுற்ற நாண் தடித்து, நடுப்பகுதி கதிர்க்கோல் போற் பருத்து, இழைகள் கலைந்து, இடையிடையே கரும்பகுதிகளுடன் காணப்படும்.

ஈண்டு ஓர் உண்மையைக் குறிப்பிடுதல் வேண்டும். ஒலிக்கற்றை இழைகளுக்குச் செங்குத்தாக விழாது சற்றே சாய்ந்தாலும் நல்ல நாணுங்கூடக் கருத்துத் தோன்றும். அனுபவமற்ற கை இல்லாத நோயைப் படத்தில் உண்டாக்கிவிடும். கருவி தானே பார்ப்பதில்லை. அதனைப் பிடிக்கும் கையும் படிக்கும் மூளையும் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும்.

காந்தப் படம்

மற்றொரு கருவி, எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் பரிவுப் படமாகும். அணுக்கருக்கள் காந்தப் புலத்தில் வானொலி அலைகளுக்கு மறுமொழி தரும் இயல்பை 1946 இல் பிளொக், பர்செல் என்போர் தனித்தனியே நிறுவினர். அவ்வியல்பினின்று உருவப்படம் பெறலாம் என்பதை 1973 இல் அமெரிக்க இரசாயனவியலாளர் போல் லோட்டர்பர், நீர் நிறைந்த இரு சிறு குழாய்களைக் கொண்டு காட்டினார். நேச்சர் சஞ்சிகை முதலில் அக்கட்டுரையைத் திருப்பி அனுப்பிற்று என்பது குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தின் நொட்டிங்காமில் இம்முறையை வளர்த்து விரைவுபடுத்தியவர் பீற்றர் மான்ஸ்ஃபீல்ட். 11 வயதில் நடத்தப்படும் தெரிவுப் பரீட்சையிலே தவறி, 15 வயதில் பள்ளியை விட்டு அச்சகத்தில் வேலைக்குச் சென்றவர் அவர். லோட்டர்பரும் அவரும் 2003 இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். சிறுவயதிலேயே ஒரு பரீட்சையைக் கொண்டு பிள்ளைகளை வடிகட்டும் கல்விமுறைகள் எத்தகைய ஆற்றல்களை இழக்கின்றன என்பதை ஆசிரிய நண்பர்கள் ஆழ்ந்து சிந்தித்தல் தகும்.

எம்.ஆர்.ஐ. படத்தில் நல்ல நாண் கன்னங்கரிய பட்டையாகத் தோன்றும். அதன் இழைகளோடு நெருங்கிப் பிணைந்துள்ள நீர் மிக விரைவிற் குறிப்பை இழந்துவிடுவதே இதற்குக் காரணம். நாண் சீர்கெடும்போது அதனுள் நீர் மிகுந்து கருமையின் நடுவே வெளிறிய பகுதிகள் எழும். இவ்வாறு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், ஒரு காலத்தில் வெர்ஹையன் கத்தியாற் கீறிக் கண்டதை, உயிருள்ள மனிதனின் காலில் ஒரு துளி குருதியும் சிந்தாது காணும் ஆற்றல் கைகூடிற்று.

பெயர் மாறிய நோய்

இதே காலத்தில் நோயைப் பற்றிய கருத்தும் மாறிக்கொண்டிருந்தது. நெடுங்காலமாக இந்நோவு நாண் அழற்சி என்றே அழைக்கப்பட்டது. அழற்சியாயின் அதனைத் தணிக்கும் மாத்திரையும் ஊசியுமே சிகிச்சை என்பது தர்க்கம். 1976 இல் இத்தாலியின் ஜியான்கார்லோ புட்டூவும் அவருடைய தோழர்களும் நோயுற்ற நாண்களை நுண்காட்டியில் ஆராய்ந்து, நாணின் உள்ளே அழற்சிக் கலங்களைக் காட்டிலும் இழைகளின் சிதைவே மேலோங்கியிருப்பதை எடுத்துரைத்தனர். 1998 இல் மஃபுல்லி, கான், புட்டூ ஆகிய மூவரும் குழப்பந்தரும் பழைய பெயரைக் கைவிட்டு, காரணத்தை முன்கூட்டியே முடிவு செய்யாத பொதுப்பெயரை வழங்குமாறு கோரினர். பின்வந்த நுண்ணிய ஆய்வுகள் அழற்சிக்கு ஓரளவு பங்கு உண்டு என்றும் காட்டியுள்ளன. ஆயினும் பழைய எளிய விளக்கம் மீளவில்லை. ஒரு பெயர் தவறாயிருப்பின் அதன் வழி வரும் மருந்தும் தவறாகும். நோயாளி அதற்கு உடலாலும் பணத்தாலும் விலை கொடுப்பான்.

படமும் நோவும்

சிதைவுதான் நோயெனின், சிதைவைக் காட்டவல்ல கருவிகள் இருக்கையில் இனிக் குழப்பமேது? படத்தைப் பார்த்தால் நோவின் அளவை அறியலாம், வருங்காலத்தைச் சொல்லலாம், சிகிச்சையைத் தீர்மானிக்கலாம் என்ற நம்பிக்கை எழுந்தது இயல்பே. அந்நம்பிக்கை சோதிக்கப்பட்ட விதமே நமது வரலாற்றின் முக்கிய கட்டமாகும்.

1996 இல் சுவீடனின் ஓஸ்ட்ரோமும் அவருடைய துணைவர்களும், அறுவையினாலும் நுண்காட்டியினாலும் உறுதிசெய்யப்பட்ட 27 நோயாளரின் மீயொலி, எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டனர். சிதைவை இரு கருவிகளும் பெரும்பாலும் காட்டின. நாணின் பகுதி முறிவையும் வெறுஞ் சிதைவையும் வேறு பிரித்தறிவது மட்டும் கடினமாயிருந்தது. 2001 இல் அதே நாட்டின் ஊமியோ நகரைச் சேர்ந்த ஓபெர்க், அல்ஃப்ரெட்சன் முதலியோர், குருதியோட்டத்தைக் காட்டும் டொப்ளர் முறையைப் பயன்படுத்தி, நோவுள்ள நாண்களிற் புதிய நுண்குழாய்கள் முளைத்திருப்பதாக அறிவித்தனர். நோவின் ஊற்றையே படம் பிடித்துவிட்டோம் எனப் பலர் மகிழ்ந்தனர். பின்வந்த ஆய்வுகளோ, நோவற்ற கால்களிலும் அக்குழாய்கள் தோன்றுவதுண்டு, நோவுள்ள கால்களில் அவை தோன்றாதிருப்பதும் உண்டு என்று காட்டின.

2003 இல் கனடாவின் வன்கூவர் நகரைச் சேர்ந்த கரீம் கானும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு மேலும் தெளிவானது. 45 நோயாளரின் நோவுள்ள 57 நாண்களை மீயொலியாற் பார்த்தபோது 37 இல் மட்டுமே மாற்றம் காணப்பட்டது. நோவற்ற 28 நாண்களில் 19 செவ்வையாகத் தோன்றின. எஞ்சிய 9 நோவே இல்லாதிருந்தும் படத்திற் குறையுடையனவாக இருந்தன. எம்.ஆர்.ஐ. மூலம் பார்க்கப்பட்ட நோவுள்ள 34 நாண்களில் 19 இலேயே மாற்றம் தெரிந்தது. ஓராண்டின் பின் நோயாளர் எந்நிலையில் இருப்பர் என்பதை முதல் மீயொலிப் படத்தைக் கொண்டு முன்னுரைக்க முடியவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் மாற்றம் குறைந்தோர் ஓரளவு நல்ல நிலையை அடைந்தனர் என்பதையும் நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும்.

இவ்வெண்களை நாம் சமூகக் கண்கொண்டு நோக்குவோம். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நோவுள்ள நாண்கள் மீயொலிப் படத்திற் குறையின்றித் தோன்றின. அந்நாண்களுக்கு உரியவர்கள் பொய்யர்களா? படத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லி வேலைத்தளத்திற்குத் திருப்பி அனுப்பப்படும் தொழிலாளியின் நோவு படத்தில் இல்லாமையால் இல்லாததாகிவிடுமா? மறுபுறத்தே, நோவேயற்ற ஒருவரின் நாணிற் கரும்புள்ளியைக் கண்டு அவரை நோயாளியாக்கி அச்சுறுத்துவது நியாயமாகுமா? படத்தை நீதிபதியாக அமர்த்தினால் இவ்விரு அநீதிகளும் நிகழும்.

அணுகுண்டு எழுதிய சாட்சியம்

படம் ஏன் நோவோடு ஒத்துப் போவதில்லை? இதற்கு ஒரு விடை எதிர்பாராத திசையிலிருந்து கிடைத்தது. 1950 களிலும் 60 களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகள், காற்றிலே கதிரியக்கக் காபன் 14 இன் அளவை ஏறக்குறைய இரு மடங்காக்கின. 1963 இல் வளிமண்டலச் சோதனைத் தடை ஒப்பந்தம் ஏற்பட்டபின் அது மெல்லக் குறைந்தது. பயிர்கள் வழியாகவும் உணவு வழியாகவும் அக்காபன் உலக மக்கள் அனைவரின் உடலிலும் புகுந்தது. டென்மார்க்கின் கட்யா ஹைனமையரும் துணைவர்களும் 2013 இல், இறந்தோரின் அக்கிலீஸ் நாண்களில் இக்காபனை அளந்து, நாணின் உட்பகுதி பருவ வயது முடிந்தபின் ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என நிறுவினர். சோதனைகள் நடந்த ஆண்டுகளில் வளர்ந்தோரின் குதிக்காலில் அந்த ஆண்டுகளின் காற்று வாழ்நாள் முழுவதும் உறைந்து கிடக்கிறது! ஏகாதிபத்திய யுகத்தின் போட்டி குழந்தைகளின் நாண்களிலும் தன் கையொப்பத்தை இட்டுச் சென்றுள்ளது.

அதே குழுவினர் 2018 இல், நோயுற்ற நாண்களில் இழைகளின் அசாதாரணமான புதுப்பிப்பு, நோவு தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது எனக் காட்டினர். இதனால் இருவகைப் புதிர்களும் ஓரளவு விளங்குகின்றன. நோவின்றியே மாற்றம் ஆண்டுக்கணக்கில் இருத்தல் கூடும். நோவு தீர்ந்த பின்னும் பழைய தழும்பு படத்தில் நீடிக்கக் கூடும். படம் காட்டுவது நாண் கடந்து வந்த பாதையை. நோவோ இன்றைய பளுவையும் நரம்பையும் உறக்கத்தையும் கவலையையும் வேலையையும் சார்ந்தது.

படிக்கட்டும் வினாத்தாளும்

கருவிகள் பெருகிய அதே காலத்திலேயே மிக எளிய சிகிச்சையொன்று புகழ்பெற்றது. 1998 இல் ஊமியோவின் ஹாக்கன் அல்ஃப்ரெட்சன் குழுவினர், பிற சிகிச்சைகளாற் பயன் பெறாது அறுவைக்குக் காத்திருந்த 15 பேருக்கு ஒரு பயிற்சியை விதித்தனர். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, நோவுள்ள காலின் குதியை மெல்லக் கீழிறக்க வேண்டும், முழங்கால் நேராகவும் மடித்தும் 15 தடவைகள் கொண்ட மும்மூன்று சுற்றுகள், நாளொன்றுக்கு இருமுறை. ஆக ஒரு நாளைக்கு 180 தடவைகள். 12 வாரங்களின் பின் அனைவரும் ஓட்டத்திற்குத் திரும்பினர். பின்வந்த பெரிய ஆய்வுகளில் எல்லாருக்கும் இத்துணை வெற்றி கிட்டவில்லை. பயிற்சியின் வடிவங்களும் பலவாயின. ஆயினும் படிப்படியாகப் பளுவேற்றும் பயிற்சியே இந்நோய்க்கு முதற் சிகிச்சை என்பது இன்று பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. அதற்கு வேண்டியவை ஒரு படிக்கட்டும், வழிகாட்டும் ஒருவரும், பொறுமையுமேயாம்.

பயிற்சியின் பின் நாண் படத்திலும் திருந்துகிறதா? 2004 இல் ஓபெர்க் குழுவினர் பல நாண்கள் மெலிந்து செவ்வையாயின என்றனர். ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளிவந்த மதிப்பீடு, நோவு தணிவதை நாணின் அமைப்பு மாற்றங்கொண்டு விளக்க இயலாது என முடிவு செய்தது. படம் மாறாமலே மனிதர் நலமடைகின்றனர்.

மற்றொரு நிகழ்ச்சியும் நம் கவனத்திற்குரியது. 2001 இல் அவுஸ்திரேலியாவின் விக்ரோரிய மாநிலத்தில் எட்டு வினாக்களும் நூறு புள்ளிகளும் கொண்ட ஒரு வினாத்தாள் உருவாக்கப்பட்டது. காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, படியிறங்கும் போது நோகிறதா, விளையாட்டிலோ பிற உடற்பயிற்சியிலோ ஈடுபட முடிகிறதா என அது நோயாளியையே கேட்கிறது. பல கோடி செலவில் உருவான கருவிகளின் யுகத்திலே நோயாளியின் சொல் மீண்டும் ஓர் அளவுகோலாக மதிக்கப்பட்டது. முன்னர் நாம் குறிப்பிட்ட சொல்லும் கையும் கண்ணும் தமக்குரிய இடத்தை இவ்வாறு மீளப் பெற்றன.

கருவியை வெறுத்தலாகாது

இவற்றைக் கூறுவதால் நாம் கருவியை எதிர்ப்பவர்கள் என எவரும் எண்ணிவிடலாகாது. விஞ்ஞானத்தை வெறுத்தல் பிற்போக்காளருக்கே பயன்படும். நாண் முறிந்ததா, எவ்வளவு விலகியுள்ளது, நோவின் இடம் நாணா அல்லது அதனடியிலுள்ள நீர்ப்பையா என்ற ஐயங்களைத் தீர்ப்பதிற் படம் பெருந்துணை புரிகிறது. அறுவை தேவைப்படுவோருக்கு அது வழிகாட்டி.

இன்னுமொன்று. பரம்பரையாகக் குருதியிற் கொழுப்பு மிகும் நோயுடையோரின் அக்கிலீஸ் நாணில் அக்கொழுப்புப் படிந்து நாண் தடிக்கும். அவர்கள் இளமையிலேயே மாரடைப்புக்கு ஆளாகும் அபாயமுடையோர். ஜப்பானிய வைத்தியர்கள் எக்ஸ் கதிர்ப் படத்தில் நாணின் தடிப்பை அளந்து இந்நோயைக் கண்டறியும் வழக்கத்தை நிறுவினர். நெடுங்காலம் 9 மில்லிமீற்றர் என இருந்த எல்லை, 2022 இல் ஆண்களுக்கு 8 எனவும் பெண்களுக்கு 7.5 எனவும் குறைக்கப்பட்டது. மீயொலிக்கும் தனி எல்லை வகுக்கப்பட்டது. குதிக்காலின் படம் இதயத்தைக் காக்கிறது. இங்கே படம் ஒரு திட்டமான வினாவுக்கு விடையளிக்கிறது. வினா தெளிவாக இருக்கும்போது கருவி சிறந்த தொண்டன். வினாவே இன்றி ஏவப்படும்போது அது வணிகனின் தராசாகிவிடுகிறது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, இக்கருவிகள் எந்தத் தனியொருவரின் மூளையிலிருந்தும் முழுமையாய்க் குதித்தவையல்ல. படிகத்தை ஆராய்ந்த சகோதரர், சிறைப்பட்ட பௌதிகவியலாளர், லெனின்கிராட்டின் பொறியியலாளர், கொதிகலன் தொழிலாளர், அச்சகத்திலிருந்து வந்த மாணவன் என எத்தனையோ பேரின் கூட்டுழைப்பே ஒரு மீயொலிப் பெட்டியாகவும் காந்தக் குழலாகவும் நம்முன் நிற்கிறது. கூட்டுழைப்பிற் பிறந்தது கூட்டுடைமையாதலே நீதி. நாட்டுப்புறத்து ஏழைக்கு எட்டாத தூரத்தில் நகரத்துத் தனியார் மனைகளில் மட்டும் இக்கருவிகள் குவிதல், அவற்றை உருவாக்கிய வரலாற்றுக்கே துரோகமாகும்.

இரண்டாவது, கருவி எட்டாத இடத்திலும் அறிவு எட்டும். ஒரு கிராமத்து வைத்தியசாலையிலே, நோயாளியின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டு, நாணை விரலால் அழுத்திப் பார்த்து, அவர் செய்யும் வேலை யாது, எத்தனை மணி நேரம் நிற்கிறார், என்ன செருப்பு அணிகிறார் என வினவி, படிக்கட்டிற் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வைத்தியர், விஞ்ஞானத்திற் பின்தங்கியவர் அல்லர். படத்தை மட்டும் பார்த்து மனிதனைப் பாராது மருந்தெழுதுபவரே பின்தங்கியவர்.

நம் வகுப்பறைகளில் விஞ்ஞானத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் அதனைக் கற்கும் மாணவர்களும் இதனைச் சிந்தித்தல் வேண்டும். எக்ஸ் கதிரைக் கண்டவர் யார், எந்த ஆண்டிற் கண்டார் என்ற வினாக்களோடு நம் பரீட்சைகள் நின்றுவிடலாகாது. கண்ட பொருள் எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டாது, யாருக்குப் பயன்படுகிறது என்ற வினாக்களும் கேட்கப்படுதல் வேண்டும். ஒருவன் எனக்கு நோகிறது என்று சொல்லும்போது அதுவும் ஒரு சான்று. அச்சான்றையும் படத்தையும் அருகருகே வைத்து, இரண்டையும் ஐயத்தோடும் மதிப்போடும் ஆராய்வதே விஞ்ஞான மனப்பான்மை. அம்மனப்பான்மையை வளர்த்துக்கொண்ட தலைமுறையின் கையிலேயே கருவிகள் மக்களுக்குத் தொண்டு செய்யும்.